கோடி கொடுத்து வாங்கியவரும் கூட ஓடவேண்டிய நம்ம பையனும்

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் டூரண்ட் கோப்பை ஆட்டம். அந்த ஊரின் பரம வைரிகளான மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. நான்கரை வருடமாக டெர்பியில் ஜெயிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது ஈஸ்ட் பெங்கால். மோகன் பகானோ அந்த வருடம் பணத்தை வாரி இறைத்திருந்தது. ஆஸ்திரேலியாவுக்காக உலகக் கோப்பை ஆடிய ஜேசன் கம்மிங்ஸ் வந்திருந்தார். நம் சென்னையின் எஃப்.சி.யின் கேப்டனாக இருந்த அனிருத் தாபாவையும் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். 60-வது நிமிடத்தில் ஈஸ்ட் பெங்காலின் இளைஞர் ஒருவர் வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து, இடது காலால் பந்தை வளைத்து வலைக்குள் போட்டார். ஆட்டத்தின் ஒரே கோல். கொல்கத்தாவின் பாதி, அன்று தூங்கியிருக்காது.

அடித்தவர் நந்தகுமார் சேகர். நம்ம சென்னைக்காரர்.

சென்னை அபிராமபுரத்தில் அன்று இதைப் பேச ஆளில்லை. முதல் நாள்தான் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் தொடங்கியிருந்தது; இங்கே கால்பந்து என்றால் ஆர்செனல், செல்சி, லிவர்பூல். அபார்ட்மென்ட் பையன்களுக்கு செல்சி யாரை எத்தனை மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது என்பது மனப்பாடம். இதே ஊரில் வளர்ந்த ஒருவர் ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பைப் போட்டியில் டெர்பியையே தீர்த்துவைத்தார் என்பது தெரியாது. பையன்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் பார்க்கும்படி அவரை நாம் இங்கே நிறுத்திவைக்கவில்லை. நந்தகுமார் போன பாதையைப் பாருங்கள்: சென்னை சிட்டி, டெல்லி டைனமோஸ், ஒடிசா, அங்கிருந்து ஈஸ்ட் பெங்கால். ஒடிசாவுடன் 2023-ல் சூப்பர் கோப்பை, அடுத்த ஆண்டே ஈஸ்ட் பெங்காலுடன் இன்னொரு சூப்பர் கோப்பை. ஊர் ஊராகக் கோப்பை வாங்கிக் கொடுத்துக்கொண்டே போகிறார்.

ஒரு கிளப், வளர்த்த பையன்களை நம்புவதா, விலை கொடுத்து ஆள் வாங்குவதா? உலகம் முழுக்க ஓயாத சண்டை இது. சென்னையில் இந்தச் சண்டையே தப்பான இடத்தில் நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். விலைக்கு வாங்குவதில் தவறே இல்லை. வாங்கியவரின் பக்கத்தில் யாரை நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மட்டராஸி வந்த வருடம்

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி. பிறந்தது. வீட்டா தானி, அபிஷேக் பச்சன், கூடவே தோனி என்று உரிமையாளர் வரிசையே போஸ்டருக்குப் போதுமானதாக இருந்தது. 2006 உலகக் கோப்பை ஃபைனலில் ஜிடானிடம் தலையால் முட்டு வாங்கிய மார்கோ மட்டராஸி, ஆட்டக்காரரும் அவரே கோச்சும் அவரே. அலெஸாண்ட்ரோ நெஸ்டா வந்தார், மிக்கேல் சில்வெஸ்டர் வந்தார். பிரேசிலின் எலானோ 8 கோல் அடித்து அந்த சீசனின் தங்கக் காலணியை வாங்கினார். ஆடுகளத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவர் இருக்கலாம் என்பது அன்றைய விதி. இந்தியருக்கு ஐந்தே இடம்.

அப்போது அது தேவைப்பட்டது என்றுதான் சொல்வேன். ஆள் வராத மைதானத்துக்கு ஆள் வரவேண்டும். பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் நீலச் சட்டைகளும், பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்று ரசிகர் கூட்டங்களும் உருவானதற்கு எலானோவின் ஃப்ரீ கிக்குக்கும் பங்கு உண்டு. அடுத்த வருடம் கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா 13 கோல் அடித்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊரே மூழ்கியிருந்ததால், சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போனது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்து, டிசம்பர் 20 அன்று கோவாவில் கடைசி நிமிடங்களில் தலைகீழாகப் புரட்டி 3-2 என்று கோப்பையைத் தூக்கினார்கள். வீட்டுக்குள் வந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த ஊருக்கு அது சின்ன சமாசாரம் இல்லை.

ஆனால் எனக்குப் பிடித்த சென்னை அணி அது அல்ல; 2017-18-ல் ஜான் கிரிகோரி கட்டிய அணி. அதன் நடுக்களத்தை நினைத்துப் பாருங்கள். பிரேசிலிலிருந்து அழைத்து வந்த ரஃபேல் அகஸ்டோ. டேராடூனிலிருந்து 18 வயதில் வந்து சேர்ந்து, அப்போது 20 வயதாகியிருந்த அனிருத் தாபா. வியாசர்பாடியிலிருந்து தன்பால் கணேஷ், வயது 23. விலை போட்டு வாங்கியவர் ஒருவர், அவருக்கு இரண்டு பக்கமும் வளரும் பையன்கள். எங்கே நிற்பது, எப்போது பந்தை விடுவது, எப்போது பிடித்துவைத்து ஆட்டத்தின் வேகத்தைக் குறைப்பது, இதையெல்லாம் எந்த கோச்சும் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க முடியாது. பக்கத்தில் ஓடிப் பார்த்துத்தான் வரும்.

2018 மார்ச் 13, அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், நேரு ஸ்டேடியம். கோவாவுக்கு எதிராக ஸ்ட்ரைக்கர் ஜேஜே முதல் கோல் அடித்தார். சில நிமிடங்களில் அடுத்த கோல், தன்பால் கணேஷ் அடித்தது. வியாசர்பாடிப் பையன் சொந்த ஊரில், சொந்த ஜனம் பார்க்க, அரையிறுதியில் கோல். 3-0. நான்கு நாள் கழித்து பெங்களூரில், அந்த ஊர்க்காரர்கள் முன்னாலேயே 3-2 என்று இரண்டாவது கோப்பை. ஃபைனலில் சென்னையின் மூன்று கோலையும் அடித்தவர்கள் பிரேசில்காரர்கள். மெய்ல்சன் ஆல்வெஸ் இரண்டு, அகஸ்டோ ஒன்று. வாங்கியவர்களும் வளர்ந்தவர்களும் ஆளுக்குப் பாதி வேலை செய்த அணி அது.

அடுத்த சீசனில் தன்பாலை முழங்கால் காயம் உட்காரவைத்தது. சாம்பியன் அணி பட்டியலின் கடைசி இடத்தில் முடிந்தது. ஒரு பையனின் முழங்காலால்தான் அணி விழுந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் இடத்தில் இறக்க அதே மாதிரி இன்னொரு உள்ளூர்ப் பையன் தயாராக இல்லை என்பது உண்மை.

கோவையில் நடந்த பாடம்

ஐ.எஸ்.எல். வெளிச்சத்தில் பலர் மறந்துவிட்ட கதை ஒன்று உண்டு. சென்னை சிட்டி எஃப்.சி. பெயர் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் கோச். ஸ்பெயினிலிருந்து சிலரை அழைத்து வந்தார்கள். ரியல் மாட்ரிட், பார்சிலோனா பெயர்கள் அல்ல, அந்த நாட்டின் கீழ் டிவிஷன்களில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். முன்களத்தில் பெட்ரோ மான்சி, நடுவில் நெஸ்டர் கோர்டியோவும் சாண்ட்ரோ ரோட்ரிகஸும், பின்னால் ராபர்டோ எஸ்லாவா. அணியின் முதுகெலும்பு அவ்வளவுதான். மற்ற இடங்களில் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் காமராஜ், பிரதிசன் மரியதாசன் என்று நம் பையன்கள்.

2018-19-ல், இன்னொரு தேசிய லீகான ஐ-லீகில் மான்சி 21 கோல் அடித்தார். 2019 மார்ச் 9, கடைசி ஆட்டம், மினர்வா பஞ்சாபுக்கு எதிராக. தொடங்கியதும் கோல் வாங்கி, பின்தங்கி, கடைசியில் 3-1. மான்சி பெனால்டியில் சமன் செய்தார். மற்ற இரண்டு கோலையும் அடித்தவர் இளம் வீரர் கௌரவ் போரா. 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று ஐ-லீக் சாம்பியன்.

அதே வருடம் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கியது. பாசெல் யார்? பையன்களை வளர்த்துப் பெரிய கிளப்களுக்கு விற்றே பிழைக்கும் கிளப். முகமது சாலா ஐரோப்பாவுக்குள் நுழைந்த வாசல் அதுதான். அவர்கள் கண்ணுக்குத் தமிழ்நாட்டில் ஏதோ தெரிந்திருக்கிறது.

பிறகு என்ன ஆயிற்று? ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல்.லில் இடம் என்ற விதி 2022-23 சீசனில்தான் வந்தது. அதன்படி முதலில் மேலே போனவை பஞ்சாப் எஃப்.சி.யும், அதன்பின் முகமதன் ஸ்போர்ட்டிங்கும். சென்னை சிட்டி ஜெயித்தபோது மேலே ஏற ஏணியே இல்லை. மான்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகட்டாவுக்குப் போனார். ரொமாரியோ கோவாவுக்கு, எட்வின் சென்னையினுக்கு. 2020-21-க்குப் பிறகு ஐ-லீகில் சென்னை சிட்டி என்ற பெயர் இல்லை. சாம்பியன் பட்டம் வாங்கி இரண்டே வருடம்.

நான் இதைத் தோல்விக் கதையாகப் பார்ப்பதில்லை. செய்துகாட்டிய முறை சரி என்பதைப் புள்ளிப்பட்டியலே சொல்கிறது: காசு போட்டால் முதுகெலும்பில் போடு, ஓரங்களை ஊர்ப் பையன்களுக்கு விடு. தோற்றது முறை அல்ல, லீகின் அமைப்பு.

யார் வளர்த்தது, யாருக்குக் காசு?

அகாடமி வைத்து ஒரு பையனை 12 வயதிலிருந்து வளர்க்கிறீர்கள். சாப்பாடு, பூட்ஸ், பயண டிக்கெட், பிசியோ. 19 வயதில் பெரிய கிளப் தூக்கிக்கொண்டு போனால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? ஃபிஃபா விதி ஒன்று இருக்கிறது. ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு மாறும்போது தரப்படும் மாற்றுத் தொகையில் 5 சதவீதம், 12 வயது முதல் 23 வயதுவரை அவருக்குப் பயிற்சி தந்த கிளப்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்குக் கால் சதவீதம்; பிறகு அரை சதவீதம். 12-லிருந்து 18 வரை நீங்களே வளர்த்திருந்தால் இரண்டரை சதவீதம். ஒரு கோடிக்கு இரண்டரை லட்சம். ஒரு பையனை ஏழு வருடம் வளர்த்த செலவுக்கு இது காணாது என்றாலும், கிடைத்தால் அடுத்த பையனுக்கு பூட்ஸ் வாங்கலாம்.

நம் ஊரில் அதுவும் சிக்கல். இந்தியப் பையன்கள் மாறுவது பெரும்பாலும் உள்நாட்டுக்குள், அதுவும் ஒப்பந்தம் முடிந்த பிறகு. மாற்றுத் தொகை பூஜ்யம் என்றால் அதில் ஐந்து சதவீதமும் பூஜ்யம்தான். வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் கால்பந்தைக் காட்டிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் தக்கவைக்கும் கோச்சுகளுக்கு இந்தக் கணக்கில் வருவது மிகக் குறைவு.

காரைக்குடி பக்கத்துக் கண்டனூர்ப் பையன் சிவசக்தி நாராயணன் இங்கே வளர்ந்து வேறு ஊரில் ஏறியதற்குச் சரியான உதாரணம். இந்தியாவுக்கு ஆடிய ராமன் விஜயனின் நோபிள் அகாடமியில் வளர்ந்தவர். அவரைக் கண்டுபிடித்து முதலில் ரிசர்வ் அணியில் ஆடவைத்து, பிறகு முதல் அணியில் ஏற்றியது பெங்களூரு எஃப்.சி. 2022-ல் டூரண்ட் கோப்பை, 2022-23 ஐ.எஸ்.எல்.லில் வளரும் வீரர் விருது. அந்த அணியில் சுனில் சேத்ரி இருந்தார், ராய் கிருஷ்ணா இருந்தார். இருவரும் கோல் அடிப்பவர்கள், விலை உயர்ந்தவர்கள். ஆனாலும் பையனுக்கு இடம் கிடைத்தது. கோச்சுக்குத் துணிச்சல் வேண்டும், உண்மைதான். அதற்கு முன்னால் ரிசர்வ் அணி என்ற படி வேண்டும்.

வெளிநாட்டுக் கணக்கு வேறு விதமாகக் கோணலாகிப்போனது. இங்கிலாந்தின் நிதி விதிப்படி, வாங்கிய ஆட்டக்காரரின் விலையை ஒப்பந்த வருடங்களில் பங்கிட்டுச் செலவாகக் காட்டலாம். அகாடமிப் பையனுக்குக் கணக்குப் புத்தகத்தில் விலையே இல்லை. விற்றால் வந்த பணம் முழுக்க லாபம். விளைவு? 2019-ல் ஆள் வாங்கத் தடை வந்தபோது மேசன் மவுண்ட், ரீஸ் ஜேம்ஸ் என்று சொந்தப் பையன்களை இறக்கி, அவர்களோடு 2021-ல் சாம்பியன்ஸ் லீகும் ஜெயித்த செல்சி, 2023-ல் மவுண்டை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றது. அடுத்த வருடம் கானர் கேலகரை அட்லெட்டிகோவுக்கு. பெற்ற பிள்ளையை விற்று வாங்கிய பிள்ளைக்குச் சோறு போடும் கணக்கு. அபிராமபுரத்தில் செல்சி சட்டை போட்டுச் சுற்றும் தம்பிகள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

ரியல் மாட்ரிட் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், வாங்கியவரையும் வளர்ந்தவரையும் பக்கத்தில் நிறுத்துவதை ஒரு கொள்கையாகவே அறிவித்தது. முன்னால் ஜிடான்கள், பின்னால் பவோன்கள்; உலக நட்சத்திரமும், பிரான்சிஸ்கோ பவோன் போன்ற சொந்த அகாடமிப் பையனும், நடுவில் யாரும் வேண்டாம். கேட்க அழகு. ஆனால் நடுவில் நின்று உழைத்த மகலேலேயை 2003-ல் விட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று சீசன் லா லிகாவும் இல்லை, சாம்பியன்ஸ் லீகும் இல்லை. பையன்களைச் சும்மா பக்கத்தில் நிற்கவைத்தால் போதாது. அவர்கள் தவறு செய்யும்போது பின்னால் நின்று பிடிக்கும் ஆளையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். விளம்பரப் பலகைக்கு உதவாத அந்த ஆள்தான் எந்த ஊரிலும் கடைசியாக வாங்கப்படுகிறார்.

பதினாறு வயதில் மூடும் கதவு

நம் பக்கத்துக்கு வருவோம். அபிராமபுரம், ஆழ்வார்பேட்டை, ஆர்.ஏ.புரம் வீடுகளில் எட்டு வயதுப் பிள்ளைக்கு மாதக் கட்டணம் கட்டி டர்ஃபில் கோச்சிங் சேர்க்கிறார்கள். விளக்கு வெளிச்சம், செயற்கைப் புல், ஷின் கார்டு. ஒன்பதாம் வகுப்பு வந்ததும் நின்றுவிடும்; பத்தாம் வகுப்பு போர்டு எக்ஸாம், அப்புறம் ஜே.இ.இ. செயின்ட் மேரீஸ் சாலையிலிருந்து கிழக்கே, மந்தைவெளியைத் தாண்டினால் பட்டினப்பாக்கம். அங்கே மணலில் காலுறை இல்லாமல் ஆடுகிற மீனவர் வீட்டுப் பையன்களுக்கு நுழைவுத் தேர்வுக் கவலை குறைவு, ஆனால் வீட்டுக்குச் சம்பளம் வேண்டும். அவர்களும் அதே வயதில் நிற்கிறார்கள். இரண்டு தெருவின் காரணங்கள் வேறு, கதவு மூடும் வயது ஒன்றே.

முன்பு இந்த ஊரில் அந்தக் கதவைத் திறந்துவைத்தவை அலுவலகங்கள். ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, வருமான வரி, சுங்கத்துறை, இந்தியன் வங்கி. நன்றாக ஆடினால் வேலை. இந்தியன் வங்கி 1996-97-ல் தொடங்கிய முதல் தேசிய லீகிலேயே ஆடிய அணி. அந்த அணியின் சபீர் பாஷா இந்தியாவுக்கும் ஆடினார்; பின்னாளில் சென்னையின் எஃப்.சி.யில் துணை கோச்சாகவும், 2022-ல் இடைக்காலத் தலைமை கோச்சாகவும் இருந்தார். அன்றைய ஏற்பாட்டை வெறும் அரசு வேலை மோகம் என்று சிலர் இளக்காரமாகப் பேசுவதுண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. 17 வயதுப் பையனின் அம்மாவிடம், "இன்னும் நாலு வருஷம் ஆடட்டும், வேலை இருக்கு" என்று சொல்ல அன்று ஒரு கோச்சால் முடிந்தது. இன்று ஐ.எஸ்.எல். சம்பளம் அதைவிடப் பல மடங்கு. ஆனால் அது கிடைப்பது கைவிரல் விட்டு எண்ணக்கூடியவர்களுக்கு. எஞ்சியவர்களுக்கு அரசின் மூன்று சதவீத விளையாட்டு ஒதுக்கீடும், பொறியியல் கவுன்சலிங்கில் 500 இடங்களும் இருக்கின்றன. எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து.

விதிகள் மெல்லப் பையன்கள் பக்கம் சாய்ந்திருக்கின்றன. ஆடுகளத்தில் வெளிநாட்டவர் ஆறிலிருந்து 2017-18-ல் ஐந்து, 2021-22-ல் நான்கு. இந்தியருக்கு இன்று ஏழு இடம். அணியில் வளரும் வீரர்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும், ஆட்டத்துக்கான பட்டியலிலும் இருக்க வேண்டும். பெயர் இருந்தால் போதுமா? 90 நிமிடமும் பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் பையனும் பட்டியலில் இருப்பவன்தான்.

2024-25 சீசன் வரை இந்த லீகில் கீழே இறங்கும் பயமும் இருக்கவில்லை. கடைசி இடம் வந்தாலும் அடுத்த வருடம் அதே மேடை. ஐரோப்பாவில், பையன்களை இறக்கித் தோற்றால் டிவிஷன் போய்விடும் என்று கோச்சுகள் நடுங்குகிறார்கள். அது நியாயமான பயம். இங்கே அந்தப் பயத்துக்கு இடமே இல்லாதபோதும் கோச்சுகள் 33 வயது வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரைத்தான் நம்பினார்கள். 2024-25-ல் சென்னையின் அணி முடித்தது 11-வது இடத்தில். ப்ளே-ஆஃப் கைநழுவிப்போன பிறகு வந்த ஆட்டங்களை இருபது வயதுப் பையன்களிடம் மொத்தமாக ஒப்படைத்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

2025 கோடையில் லீகின் ஒப்பந்தக் குழப்பத்தில் எல்லாமே ஸ்தம்பித்தது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் இயக்கத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. பெயர் பெற்றவருக்கு வேறு நாட்டில் வேறு கிளப் கிடைக்கும். 18 வயதுக்காரனுக்கு அந்த வருடம் போனது போனதுதான்.

கிளப் நடத்துபவர்களிடம் மூன்று கேள்வி கேட்கலாம். சென்னை சீனியர் டிவிஷன் லீகில் ரிசர்வ் அணி வருடம் முழுக்க ஆடுகிறதா? 17 வயதில் சேரும் பையனின் படிப்புக்கு ஒரு கல்லூரியோடு ஏற்பாடு உண்டா? தமிழ்நாட்டில் வளர்ந்த 21 வயதுக்குட்பட்டவர்கள் முதல் அணியில் இந்த சீசனில் மொத்தம் எத்தனை நிமிடம் ஆடினார்கள்? மூன்றாவதுக்கான விடையை வருடாவருடம் வெளியிடச் சொல்லுங்கள். எலானோக்களையும் மான்சிகளையும் வாங்கட்டும், நல்ல விலைக்கே வாங்கட்டும். அவர்களைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருகிறோம். ஆனால் நீங்கள் பெரியமேட்டுக்குப் போகும் அடுத்த ஆட்டத்தில் நம்ம பையன் ஒருவன் இறங்கி முதல் பாஸையே தப்பாகக் கொடுத்தால், தயவுசெய்து கூச்சல் போடாதீர்கள். பத்து ஆட்டம் பொறுங்கள்.